மறுபடியும் பிறந்தவர் வளர வேண்டாமா?

திருகோணமலைச் சந்தைப் பக்கம் கையில் துண்டுப்பிரசுரத்தோடு நிற்கிற ஒருவர், "நீங்கள் மறுபடியும் பிறந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், பலர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கோணேசர் மலையில் இருக்கிற ஊர் இது. இங்கே மறுபிறப்பு என்றால் செத்த பிறகு வேறோர் உடம்பெடுத்து வருவது. போன பிறப்பில் செய்தது இந்தப் பிறப்பில் முன்னால் வந்து நிற்பது. கிறிஸ்தவர்கள் சொல்வது வேறு. அவர்கள் நம்பிக்கைப்படி மனிதர் பூமியில் வாழ்வது ஒரேயொரு தடவை, சாவதும் ஒரு தடவை. மறுபடியும் பிறப்பது இந்த இரண்டுக்கும் நடுவில், இதே உடம்போடு, இதே அடையாள அட்டை இலக்கத்தோடு நடக்கிற காரியம்.

இதற்கு மூலம் யோவான் எழுதிய நற்செய்தியின் 3ஆம் அதிகாரம். நிக்கொதேமு என்றொரு பரிசேயர், அதாவது வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர், யூதர்களுக்குள் பெரிய மனிதர், இரவில் இயேசுவைத் தேடி வருகிறார். பகலில் வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பயந்தாரோ என்னவோ. வந்தவர் மரியாதையாகத்தான் தொடங்குகிறார்: நீர் தேவனிடத்திலிருந்து வந்த போதகர் என்று அறிந்திருக்கிறோம். அந்தப் புகழ்ச்சியை இயேசு கண்டுகொள்ளவேயில்லை. ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான் என்கிறார். நிக்கொதேமுவுக்குத் தலை சுற்றுகிறது. வயதுபோன மனிதன் எப்படிப் பிறப்பான், தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போக முடியுமா என்று கேட்கிறார். சந்தையில் சிரித்துவிட்டுப் போகிறவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பதிலாக இயேசு, தண்ணீராலும் கடவுளின் ஆவியாலும் பிறக்க வேண்டும் என்கிறார். அதோடு, நீ இஸ்ரவேலில் போதகனாயிருந்தும் இது தெரியாதா என்றும் கேட்கிறார். ஏன் தெரிந்திருக்க வேண்டும்? பழைய ஏற்பாட்டில், எசேக்கியேல் 36ஆம் அதிகாரத்தில், கடவுள் தம் மக்கள்மேல் சுத்தமான தண்ணீர் தெளிப்பதாகவும், கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பதாகவும், தம் ஆவியை அவர்களுக்குள் வைப்பதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார். வேதத்தைக் கரைத்துக் குடித்த நிக்கொதேமு அந்தப் பகுதியை எத்தனை தடவை வாசித்திருப்பார். அது தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றவில்லை.

இயேசு இதை யாரிடம் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். குடிகாரரிடமோ களவெடுத்தவரிடமோ சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில், ஐந்து கணவர்கள் இருந்த சமாரியப் பெண்ணோடு கிணற்றடியில் நீண்ட நேரம் கதைக்கிறார். மறுபடியும் பிற என்று அவளிடம் சொன்னதாக இல்லை. ஊர் மதிக்கிற, விரதம் தவறாத, படித்த மனிதரிடம்தான் சொன்னார். ஆகவே கெட்டவர்கள் திருந்துவதற்கான ஏற்பாடு இது என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் விளங்கும். நல்ல மனிதருக்கும் இது தேவை என்பதுதான் அந்த இரவில் பேசப்பட்டது. யாரும் தன்னைத்தானே பெற்றுக்கொள்வதில்லை. பிறப்பு நமக்குக் கொடுக்கப்படுகிறது. கடவுளோடு சரியான உறவும் அப்படித்தான் வருகிறது, நல்லொழுக்கத்துக்குக் கிடைக்கும் பதவி உயர்வாக வருவதில்லை என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டியவை மனந்திரும்புதலும் விசுவாசமும். அந்த இரண்டைக்கூடக் கடவுளே தூண்டிவிடுகிறார் என்று பெரும்பாலான திருச்சபைகள் சொல்லும்.

இயேசு இதை விளக்கக் காற்றை எடுத்துக்கொண்டார். காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுகிறது, அதன் சத்தத்தைக் கேட்கிறாய், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று உனக்குத் தெரியாது. ஆவியினால் பிறந்தவரும் அப்படியே. நம் கடற்கரையில் காற்றுக்குப் பெயர்கள் உண்டு. வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று திசையைப் பார்த்துச் சொல்வார்கள். எந்த மாதத்தில் எது வீசும் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் காற்றைப் பிடித்து இழுத்து வந்தவர் எவருமில்லை. வருகிற காற்றுக்குப் படகைத் திருப்பலாம், அவ்வளவுதான். ஒரு கூட்டத்தில், ஒரு பாட்டுக்குள், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் எல்லோரையும் மறுபடியும் பிறக்க வைத்துவிடலாம் என்று யாராவது ஒலிவாங்கியில் சொன்னால் எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வரும்.

சரி, இது எப்போது நடக்கிறது? இங்கேதான் சபைகள் பிரிகின்றன. 1893இலேயே கத்தோலிக்க மறைமாவட்டமாகிவிட்ட ஊர் திருகோணமலை. கத்தோலிக்கர்கள் திருமுழுக்கிலேயே, அதாவது மற்றவர்கள் ஞானஸ்நானம் என்று சொல்வதிலேயே, புதுப்பிறப்பு நடக்கிறது என்பார்கள். கைக்குழந்தையைப் பூசைக்குக் கொண்டுபோய், ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பக்கத்தில் நிற்க, நெற்றியில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவதோடு பிள்ளை கடவுளின் குடும்பத்தில் பிறந்துவிடுகிறது. பிறகு முதல்நன்மை, உறுதிப்பூசுதல் என்று அது தொடரும். மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளை தன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும் என்று திடப்படுத்தல் என்ற சடங்கில் எதிர்பார்க்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளிலும் பப்திஸ்து சபைகளிலும் வரிசை மாறும்: முதலில் விசுவாசம், அதன் பிறகே முழுக்கு.

கடல் முழுக்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழியில் அது ஒத்துவராது. வாடைக் காற்றில் அலை ஆளையே புரட்டிவிடும். கடல் குளம்போல் கிடக்கிற மாதங்களில், விடியற்காலையில் நடக்கும். போதகர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். வெள்ளை உடுத்தவர்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். கைகளை மார்பின் குறுக்கே வைக்கச் சொல்லி, விசுவாசிக்கிறாயா என்று கேட்டு, முதுகைத் தாங்கிப் பின்பக்கமாகச் சாய்த்து முழுதாக அமிழ்த்தி எடுப்பார். மூக்கைப் பொத்த மறந்தவர் உப்புத் தண்ணீரை விழுங்கிவிட்டு இருமிக்கொண்டே எழும்புவார். கரையில் துவாயோடு நிற்கிற பெண்கள் பாடுவார்கள். தண்ணீருக்குள் போவது பழைய வாழ்க்கைக்கு அடக்கம், மேலே வருவது கிறிஸ்துவோடு உயிர்த்தெழுவது. முதல் தலைமுறை அப்போஸ்தலரான பவுல், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் சொன்ன பொருள் இது. நெற்றியில் ஊற்றுகிறவர்களும் இதே அதிகாரத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

"எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்ற கேள்வி சில சபைகளில் அடிக்கடி வரும். தேதி சொல்லத் தெரியாத ஆட்கள், குறிப்பாக அம்மம்மா காலத்திலிருந்து கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்கள், இதைக் கேட்டுக் குற்றவாளிபோல் முழிப்பார்கள். முழிக்கத் தேவையில்லை. பவுலுக்குத் தேதி உண்டு. தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒளி சுற்றிப் பிரகாசிக்கத் தரையில் விழுந்தார். அவருடைய அருமைச் சீடன் தீமோத்தேயுவுக்கு அப்படி ஒன்றும் எழுதப்படவில்லை. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனிடமும் இருக்கிறது, சிறுவயதிலிருந்தே வேதம் அவனுக்குத் தெரியும் என்று மட்டும் பவுல் எழுதுகிறார். இருவரையும் ஒரே திருச்சபை ஏற்றுக்கொண்டது. ஜோன் வெஸ்லி இன்னொரு வகை. குருவாகி ஏறக்குறைய 10 ஆண்டுகள் கழித்து, 1738 மே 24ஆம் தேதி லண்டன் ஓல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில்தான் தன் பாவங்களைக் கிறிஸ்து எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. அவர் தொடக்கிவைத்த மெதடிஸ்த இயக்கத்தின் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள்.

இனி வளர்ச்சிக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆனால் பிரசங்கங்களில் இதற்குக் கிடைக்கிற நேரம் குறைவு.

கொரிந்து என்ற ஊரில் பவுல் ஒரு சபையை உருவாக்கினார். துடிப்பான சபை. ஆவியின் ஏவுதலில் அந்நிய பாஷை பேசுவார்கள், தீர்க்கதரிசனம் சொல்வார்கள். ஒரு வரத்திலும் நீங்கள் குறைவுபடவில்லை என்று பவுலே அவர்களுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். இரண்டு அதிகாரம் தாண்டியதும் தொனி மாறுகிறது. உங்களைக் கிறிஸ்துவுக்குள் குழந்தைகள் என்று எண்ணித்தான் பேச வேண்டியிருந்தது, பாலைக் கொடுத்தேன், சோற்றைக் கொடுக்கவில்லை, இப்போதும் உங்களுக்குப் பெலனில்லை என்கிறார். அவர் சொல்லும் ஆதாரம் என்ன? வேத அறிவு போதாது என்றோ, ஜெபம் குறைவு என்றோ சொல்லவில்லை. பொறாமையும் வாக்குவாதமும் பிரிவினையும் உங்களுக்குள் இருக்கிறதே என்கிறார். தங்களுக்குப் போதித்தவர்களை வைத்து, நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள் என்று அணி பிரிந்து நின்றார்கள். ஒரே சபைச் சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். வரங்கள் அத்தனையும் இருந்தும் பவுலின் கணக்கில் அவர்கள் பால்குடிகள்.

குழந்தையாய் இருப்பதே குற்றமென்று பவுல் சொல்லவில்லை. புதிதாய்ப் பிறந்த குழந்தைகள்போல் பாலின்மேல் வாஞ்சையாயிருங்கள் என்று இயேசுவின் சீடர் பேதுரு எழுதுகிறார். எபிரெயருக்கு எழுதின நிருபம் காலத்தைப் பார்க்கிறது: இவ்வளவு காலத்தில் நீங்கள் போதகராயிருக்க வேண்டும், இன்னும் பால்தான் தேவைப்படுகிறது. பலமான ஆகாரம் யாருக்கென்றும் அங்கே இருக்கிறது. நன்மை தீமை எதுவென்று பிரித்தறிய, பழகிப் பழகித் தேர்ந்த புலன்கள் உள்ளவர்களுக்கு. புதுவிசுவாசி பால் குடிக்கட்டும். இருபது வருடமாய் முன்வரிசையில் இருந்து பால் குடிக்கிறவரைப் பற்றித்தான் கவலை.

நம் ஊர்க் காரியத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு விசுவாசியின் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் வேலி. மாரி தொடங்கமுன் வேலி அடைக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் நாலைந்து கிளுவங்கதியாலை அரை அடி இந்தப் பக்கமாக நட்டுவிடுகிறார். காலையில் முற்றம் கூட்ட வந்த மனைவிதான் முதலில் காண்கிறாள். நேற்று மறுபடியும் பிறந்த மனிதர் என்றால், சனிக்கிழமை வேலியடியில் நின்று ஊர் கேட்கக் கத்துவார், ஞாயிற்றுக்கிழமை கை உயர்த்திப் பாடுவார். இரண்டுக்கும் தொடர்பிருப்பதாக அவருக்கு இன்னும் தோன்றாது. கொஞ்சம் பழகியவர் கத்தமாட்டார். ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "எங்கள் பக்கத்து வீட்டாரின் பேராசையை மாற்றும், ஆண்டவரே" என்று உருகி ஜெபிப்பார். கூட்டம் முடிவதற்குள் கதை முழுச் சபைக்கும் தெரிந்துவிடும். எனக்கென்றால் கத்துகிறவரே பரவாயில்லை.

முதிர்ந்தவர் என்ன செய்வார்? அவருக்கும் கோபம் வரும். பின்னேரம் ஆறினபிறகு படலையில் நின்று, "அண்ணை, ஒருக்கா ரெண்டு பேற்ற காணி உறுதியையும் எடுத்துப் பாப்பமே" என்று கூப்பிடுவார். இருவருமாக நாடா பிடித்து அளப்பார்கள். சரிவரவில்லையென்றால் கிராம சேவகரிடமும் போவார். முதிர்ச்சியென்றால் காணியை விட்டுக்கொடுத்துவிட்டு வாயை மூடுவது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். பவுலே நியாயம் கிடைக்காதபோது ரோமப் பேரரசனிடம் மேன்முறையீடு செய்தவர். ஆனால் பிணக்கு தீராமல் இருக்கிற அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால், இவர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். வேலிக் கதையை ஆஸ்பத்திரி வாசலில் எடுக்கமாட்டார். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைச் சொல்கிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இவற்றில் பெரும்பாலானவை இன்னோர் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். தனியறையில் பொறுமையாயிருப்பது எளிது.

வளர்ச்சி நேர்கோட்டில் போகாது. பேதுருவைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே என்ற யூதப் பண்டிகை நாளில் பேசி மூவாயிரம் பேரைச் சேர்த்தவர். பிறகு அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர், எருசலேமிலிருந்து சில ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு விலகினார். பவுல் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கண்டித்தார். ஒன்றாய்ச் சாப்பிடுவது அங்கே பிரச்சினை. எங்கள் சபைகளில் அது கலியாணப் பேச்சில் வரும். சாட்சி சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போன ஐயாமார், மகளுக்கு வரன் பார்க்கும்போது "ஆட்கள் யார், எந்தப் பக்கம்?" என்று தணிந்த குரலில் விசாரிப்பதை இந்தக் கரையில் கேட்காதவர் உண்டா? யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற வசனம் அவர்களுக்கு மனப்பாடம். மறுபடியும் பிறந்தார்களா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். அந்த இடத்தில் இன்னும் வளரவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

வளராததற்கு இன்னோர் அடையாளத்தை எபேசியர் 4ஆம் அதிகாரம் சொல்கிறது: பலவித உபதேசக் காற்றில் அலைபோல் அடிபட்டு அலைவது. இந்த வருடம் உலகம் முடிகிறது என்று வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிடுகிறவர், காணிக்கை போட்டால் இரட்டிப்பாகத் திரும்பும் என்று கேட்டுச் சீட்டுக்காசைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் எல்லாம் இதில் வருவார்கள். அதே பகுதியில் பவுல் சொல்லும் மருந்து, அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு கிறிஸ்துவுக்குள் வளர்வது. அன்பில்லாமல் சத்தியம் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சத்தியம் வேண்டாம், சண்டை வராவிட்டால் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

துன்பம் ஒருவரை முதிரச் செய்யும் என்று யாக்கோபும் எழுதுகிறார், ரோமர் 5இல் பவுலும் எழுதுகிறார். உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும். உண்மைதான். ஆனால் தானாக உண்டாக்காது. போரையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட மாவட்டம் இது. ஒரே இழப்பிலிருந்து ஒருவர் கனிந்து வந்ததையும் இன்னொருவர் கசந்துபோனதையும் மக்கள் கண்டிருக்கிறார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் போய், உன்னை முதிரச்செய்யத்தான் கடவுள் இதை அனுப்பினார் என்று சொல்வதற்கு இந்த வசனங்களில் இடமில்லை. யாக்கோபு எழுதியது துன்பப்படுகிறவர் பற்றிக்கொள்வதற்காக. பார்க்க வந்தவர் எடுத்து வீசுவதற்காக எழுதவில்லை.

எப்படி வளர்வது என்று கேட்டால் புதிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. வேதவாசிப்பு, ஜெபம், நற்கருணை, சபையாரோடு ஐக்கியம், கஷ்டப்படுகிறவர்களுக்குச் செய்யும் உதவி, செய்த பிழையை ஒப்புக்கொள்வது. கடைசியாகச் சொன்னதைக் கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் செய்கிறார்கள்; மற்றச் சபைகளில் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்தோ, தனியே கடவுளிடமோ செய்கிறார்கள். எங்கே செய்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஒப்புக்கொள்வது அரைகுறைதான். சகேயு என்ற வரித்தலைவன் இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பத் தருவதாகச் சொன்னான். இரவில் வந்த நிக்கொதேமுவுக்கு இவ்வளவு வேகமில்லை. அவர் அந்த உரையாடலில் என்ன பதில் சொன்னார் என்றுகூட யோவான் எழுதவில்லை. 7ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தில், ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது நம் சட்டமா என்று ஒரு கேள்வி கேட்கிறார். நீயும் கலிலேயனோ என்ற கிண்டலுக்குப் பிறகு அவர் பேசியதாக இல்லை. 19ஆம் அதிகாரத்தில், சீடர்கள் ஓடிப்போன நேரத்தில், ஏறக்குறைய நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தோடு இயேசுவின் உடலை அடக்கம்பண்ண வந்துவிடுகிறார். எந்த நாளில் அவர் மறுபடியும் பிறந்தார் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

முழுதாக முதிர்ந்துவிட முடியுமா என்பது பழைய கேள்வி. இந்த வாழ்விலேயே அன்பில் பூரணப்பட முடியும் என்று வெஸ்லி போதித்தார். சீர்திருத்தச் சபைகள் சாகும்வரை பாவத்தோடு போராட்டம்தான் என்றன. பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல், நான் இன்னும் தேறினவனாகவில்லை, ஆசையாய்த் தொடர்கிறேன் என்று எழுதிவிட்டு, மூன்று வசனம் கழித்து, நம்மில் தேறினவர்கள் யாவரும் இந்தச் சிந்தையாகவே இருக்கக்கடவோம் என்கிறார். தேறிவிட்டேன் என்று நினைக்காதவர்தான் அவர் கண்ணில் தேறினவர் போலிருக்கிறது. மறுபடியும் பிறந்தவர் விழுந்தால் அந்தப் பிறப்பு இல்லாமல் போகுமா என்பதிலும் சபைகள் ஒத்துப்போவதில்லை. நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மையே வஞ்சிக்கிறோம் என்று யோவான் எழுதியதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

தொடங்குகிறவர்கள் இந்த வாதங்களுக்குள் இப்போதே இறங்க வேண்டாம். யோவான் 3ஐ ஒருமுறை முழுதாக வாசியுங்கள், அப்புறம் கலாத்தியர் 5. முதலாம் யோவான் நிருபம் சின்னது. ஒரே இருப்பில் முடித்துவிடலாம். புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு, பூசைக்குப் போகிறவர் ஒருவரிடமும் பெந்தெகொஸ்தே ஆராதனைக்குப் போகிறவர் ஒருவரிடமும் கேளுங்கள். நம் ஊரில் அந்த இருவரும் பெரும்பாலும் ஒரே ஒழுங்கையில்தான் இருப்பார்கள்.